ரயில் படத்துப் பையனின் வயது

"அக்கா, நீங்க எந்த வருசமுங்க இங்க வேலைக்குச் சேந்தீங்க?"

"தொண்ணூத்தாறு கண்ணு. ஆடி பதினெட்டுக்கு மக்யா நாளு, பத்தொம்பதாந்தேதி."

"அப்ப உங்களுக்கு என்ன வயசுங்க?"

"பதினாறு."

"ஆதார்ல எண்பத்தி மூணுல பொறந்ததா இருக்குதுங்க. அப்படிப் பாத்தா பதிமூணுதானுங்க வருது."

ரங்காத்தாள் கையிலிருந்த பனியனை உள்பக்கம் திருப்பித் தோள் தையலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "அது பெத்த அய்யன் போட்ட வயசு. சாமி குடுத்த வயசு வேற."

"சின்ன சார் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க."

"என்னவாமா?"

"சேந்த வருசத்தத் தொண்ணூத்தொம்பதுன்னு மாத்திக்கலாமான்னு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்களாம். வேற எதுவும் மாறாதுங்களாம்."

ரங்காத்தாள் தையல் விட்டுப்போன இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, பனியனை ஒதுக்கிப் போட்டாள். "நல்லாருக்குது போ. பொறந்ததுல மூணு வருசத்த எங்கய்யன் தின்னாச்சு. இப்ப ஒழைச்சதுல மூணு வருசத்த உங்க சின்ன சார் கேக்கறாராக்கும்?"

"நான் கேக்கலீங்க அக்கா."

"நீ கேக்குல. உன்ற வாயி கேக்குது."

ரங்காத்தாள் அடுத்த பனியனை எடுத்தாள். குரலை இறக்கிக் கேட்டாள்.

"ரயில் படம் பாத்திருக்கறயா?"

"பாத்திருக்கனுங்க. தீவாளிக்குத் தீவாளி டிவியில போடுவாங்களே. அந்தப் பையன் மாட்டு வண்டியில இருந்து விழுகறப்ப எங்கம்மா அழுவாங்க."

"அந்தப் பையன் பேரு தெரியுமா?"

"மாஸ்டர் தினகர்னு போடுவாங்க."

"அந்த தினகரு நாந்தான்."

"அக்கா, அது பையனுங்களே!"

"எங்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லி வெச்சிருந்தாங்க," என்றாள் ரங்காத்தாள். சிரிக்கவில்லை.

இந்தப் பேச்சு நடந்தது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமை ஆடிட்.

திருப்பூரில் வெளிநாட்டுக்குப் பனியன் தைக்கும் எல்லாக் கம்பெனிகளிலும் போலவே அங்கேயும் ஆண்டுக்கொரு முறை, துணி வாங்குகிறவர்கள் அனுப்பும் ஆடிட்டர் வருவார். தீயணைப்புக் கருவி, கழிப்பறை, சம்பளச் சீட்டு, வேலையாட்களின் வயது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதற்கான கோப்புகளைத் தயார் செய்வதுதான் பிரியங்காவின் வேலை. இருபத்து நான்கு வயது. தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டிலும் அதிகம் பேசாதவள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது.

தவறு வெளியிலிருந்து வரவில்லை. கம்பெனி பெருமைப்பட்டுக்கொண்டதில் வந்தது. ஆயுத பூஜையன்று, இருபத்தைந்து வருடம் கடந்த வேலையாட்களுக்குப் பொன்னாடை போர்த்தி, அவர்கள் படத்தையும் சேர்ந்த வருடத்தையும் பெரிய பலகையில் அச்சடித்து வாசலில் மாட்டினார்கள். முதல் படம் ரங்காத்தாளுடையது. கீழே, '1996 முதல்'. சின்ன முதலாளி சுரேந்தர் அந்தப் பலகையின் முன்னால் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்து, வாங்குகிறவர்களுக்கே அனுப்பிவைத்தார். அங்கே யாரோ உட்கார்ந்து, ஏற்கெனவே போயிருந்த வயதுப் பட்டியலோடு வைத்துக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் ஒரே வரியில் கேள்வி வந்தது: இந்தப் பெண் பதிமூன்று வயதில் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாரா?

எத்தனை வருடம் முன்னால் நடந்ததாக இருந்தாலும், குழந்தைத் தொழிலாளர் என்ற சொல் அறிக்கையில் ஏறினால் ஆர்டர் நிற்கும். ஆர்டர் நின்றால் நானூறு பேருக்கு வேலை நிற்கும். அது பிரியங்காவுக்கும் தெரியும்; பலகையில் சிரித்துக்கொண்டிருந்த ரங்காத்தாளுக்கும் தெரியும்.

செவ்வாயும் புதனும் சாப்பாட்டு நேரத்தில், பனியன் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரங்காத்தாள் மீதியைச் சொன்னாள். துண்டு துண்டாகத்தான் சொன்னாள். பக்கத்தில் யாராவது வந்தால் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அவள் பிறந்தது எண்பதாம் வருடம் தை மாதம், சாமளாபுரத்தில். நான்கு வயதில் அம்மா சின்னாத்தாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா பொங்கியண்ணனிடம் இரண்டு ஜோடி காங்கேயம் மாடும் ஒரு சவாரி வண்டியும் இருந்தன. எண்பத்தாறில் கொமரலிங்கத்துப் பக்கம் அமராவதி ஆற்றங்கரையில் சினிமா எடுக்க வந்தவர்கள் வண்டி மாடு கேட்டார்கள். வண்டியோடு மகளையும் ஏற்றிக்கொண்டு போனார். பழனியில் மொட்டையடித்து இரண்டு மாதமே ஆகியிருந்ததால் அவள் தலையில் அரை விரல் உயரத்துக்குத்தான் முடி. போட்டிருந்தது அண்ணனின் கால்சட்டை.

சென்னையிலிருந்து நடிக்க வந்த பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது வண்டியில் நின்று மாட்டை அதட்டிக்கொண்டிருந்த பிள்ளை கண்ணில் பட்டது.

"பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"மூணுங்க," என்றார் பொங்கியண்ணன்.

பையனில்லை, பெண் என்று சொல்லவில்லை. மூன்றில்லை, ஆறு என்றும் சொல்லவில்லை. மெலிந்த குழந்தை, நம்பும்படிதான் இருந்தாள். மூன்று வயதில் இப்படிப் பேசுகிறதா என்று டைரக்டர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

கதையில் பையன் தொலைந்துபோன அம்மாவைத் தேடி ஊர் ஊராக ரயிலில் போவான். அழுகிற காட்சி வரும்போதெல்லாம் பொங்கியண்ணன் கேமராவுக்குப் பின்னால் நின்று, "உங்கம்மா இனி வரமாட்டா சாமி," என்பார். அவ்வளவு போதும். கண்ணீர் கொட்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். கொஞ்ச நாளில் எது தன் அழுகை, எது படத்து அழுகை என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று.

"வண்டியிலிருந்து விழுகறது?" என்று பிரியங்கா கேட்டாள்.

"அது கதையில இல்ல கண்ணு. மாடு மெரண்டு வண்டி சாஞ்சிருச்சு. நான் நெசமாவே விழுந்தேன். மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. ஐயோன்னு கத்தறேன், எங்கய்யன் கை தட்டறாரு. 'அப்பிடித்தான் சாமி, உடாத, உடாத'ங்கறாரு. கேமரா ஓடிட்டே இருக்குது. அதத்தான் நீங்கல்லாம் பாத்து அழுதுட்டு இருக்கறீங்க."

இடது கையை நீட்டினாள். மணிக்கட்டு லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தது. பனியனைத் திருப்பும்போது அந்தக் கை மட்டும் ஒரு தினுசாகச் சுழல்வதைப் பிரியங்கா எட்டு மாதமாகப் பார்த்திருக்கிறாள். பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

படம் ஓடிற்று. இன்னும் நான்கு படங்கள். உயரம் கூடியதும், பிள்ளை வளர்ந்துவிட்டது என்று ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். எண்பத்தொன்பதில் சாமளாபுரம் திரும்பி ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். சினிமாவில் சொன்ன வயதையே பள்ளியிலும் சொன்னார் பொங்கியண்ணன். ஒன்பது வயதுப் பெண் ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்பில் வயதுக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். ஏழாம் வகுப்போடு புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டாள். வந்த இடத்தில் பதினாறு வயதுப் பெண்ணைப் பதினாறு வயதுப் பெண்ணாகவே நடத்தினார்கள். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

"நான் நானா இருந்தது அன்னைக்கிருந்துதான் கண்ணு," என்றாள். "அதுலபோயி மூணு வருசத்த அழிக்கச் சொல்றீங்களே."

புதன்கிழமை மாலை சுரேந்தர் பிரியங்காவின் மேசைக்கே வந்தார்.

"என்னங்க பிரியங்கா, முடிஞ்சுதுங்களா?"

"அக்கா கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க சார்."

"அவீக போடாட்டி என்னங்க? கம்ப்யூட்டர்ல இருக்கறது ஒரு நம்பர். பலகையில அச்சடிச்சவன் தப்பாப் போட்டுட்டான்னு சொல்லிக்கலாம். ஒரு நம்பருக்கு மூணு நாளுங்களா யோசிக்கறது?"

"அவங்களுக்கு அப்ப நெசமாவே பதினாறு வயசுதானுங்க சார்."

"நான் இல்லீன்னு சொல்லலீங்களே! நெசத்துக்கு ரசீது இருக்குதுங்களா? அதச் சொல்லுங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண் சிவந்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்காதவர் போலிருந்தார். "நாளைக்கு அந்த ஆடிட்டரம்மா ஒரு சிவப்புக் கோடு போட்டா, ரங்காத்தாக்காளுக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. மாத்தி வெச்சிருங்க கண்ணு."

அவர் போன பின்பு பிரியங்கா கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 1996. கர்சர் ஆறுக்குப் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு தடவை அழித்தாள். அந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பார்க்க முடியவில்லை. மறுபடியும் ஆறையே போட்டு மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்த ஆடிட்டர் பெங்களூரைச் சேர்ந்த நடுவயதுப் பெண். தமிழ் தெரியாது. அதனால் வேலையாட்களிடம் பேசும்போது பிரியங்காவை உடன் வைத்துக்கொண்டார். முதலிலேயே ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அவர்கள் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

மதியம் ரங்காத்தாளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே சுரேந்தர் போனைக் காதில் வைத்தபடி நின்றார். போனில் யாரும் பேசவில்லை என்பது பிரியங்காவுக்குத் தெரிந்தது.

ஆடிட்டர் ஆதார் நகலையும் பலகையின் படத்தையும் அருகருகே வைத்தார். "பலகையில் இருப்பது தவறா?"

பிரியங்கா தமிழில் கேட்டாள். தவறென்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"பலக சரிங்க," என்றாள் ரங்காத்தாள். "ஆதாருதான் தப்பு."

பிரியங்கா சொன்னாள். ஆடிட்டர் பேனாவைத் திறந்தார்.

ரங்காத்தாள் இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பழுப்பேறிய சினிமாப் பத்திரிகையின் ஒரு பக்கம். கால்சட்டை போட்ட குழந்தை. அதன் தோளில் மீசைக்காரர் ஒருவரின் கை. மேலே கொட்டை எழுத்தில்: 'மாஸ்டர் தினகர் ஒரு பெண்!'

படத்துப் பிள்ளை இவள்தான் என்பதற்கு அது சாட்சி. பிரியங்கா ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா பெயர் பொங்கியண்ணன், ஊர் சாமளாபுரம், பிள்ளையின் உண்மைப் பெயர் ரங்காத்தாள். நான்காவது வரியில் நின்றுவிட்டாள்.

'வயது மூன்றே மூன்று!'

அதைச் சொன்னால், ஆதார்தான் சரி என்றாகிவிடும். ஆடிட்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒரு வரியைத் தாண்டிப் போய்விடலாம். வெளியே சுரேந்தர் போனை இறக்கிவிட்டுக் கண்ணாடியருகே வந்தார். பிரியங்காவின் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் ஆடிட்டர்.

ரங்காத்தாளுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் எந்த வரியில் நின்றாள் என்பது புரிந்தது. "அதையும் சொல்லு கண்ணு," என்றாள். "மறைச்சீன்னா நீயும் எங்கய்யனும் ஒண்ணாயிருவீங்க."

பிரியங்கா சொன்னாள்.

ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இது உங்களுக்கு எதிரான சாட்சி."

"படத்தப் பாக்கச் சொல்லு. அந்தப் புள்ளையோட வாயப் பாக்கச் சொல்லு."

பிரியங்காவின் போனில் படம் இருந்தது. செவ்வாய்க்கிழமையே வீட்டில் முழுவதும் பார்த்து, இடத்தைக் குறித்து வைத்திருந்தாள். முதலில் தணிக்கைச் சான்றிதழ். அதில் தேதி, 1986. பிறகு ஆற்றங்கரை. வண்டி சாய்கிறது. பிள்ளை மண்ணில் விழுந்து, இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து வாயைப் பிளந்து அலறுகிறது. அங்கே நிறுத்தினாள்.

மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. ஈறில் புதுப் பல்லின் வெள்ளை விளிம்பு மட்டும் தெரிந்தது.

"மெழுகுல ரெண்டு பல்லுப் பண்ணி ஒட்டித்தான் நடிக்க உடுவாங்க, மூணு வயசுன்னு சொன்னதால," என்றாள் ரங்காத்தாள். "உழுந்ததுல மெழுகு தெறிச்சுப் போச்சு."

பிரியங்கா அதை மொழிபெயர்த்து முடிக்கும்வரை ஆடிட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, அறிக்கைக்குச் சம்பந்தமில்லாத குரலில், "என் பெண்ணுக்கு இந்தப் பற்கள் விழுந்தது ஒன்றாம் வகுப்பில்," என்றார்.

ரங்காத்தாள் இடது கையை மேசைமேல் வைத்தாள். ஆடிட்டர் மணிக்கட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தொடவில்லை.

"நான் நம்புகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்," என்றார். "ஆனால் நான் நம்புவதை அறிக்கையில் எழுத முடியாது. வயது தவறாகக் கொடுக்கப்பட்டது என்று, கொடுத்தவரே நோட்டரி முன்னால் எழுதித் தர வேண்டும். முப்பது நாள் தருகிறேன். வராவிட்டால் பதிமூன்று என்றுதான் எழுதுவேன்."

பிரியங்கா சொன்னதும் ரங்காத்தாளின் முகம் முதல் தடவையாக வெளுத்தது. சினிமாவோ பத்திரிகையோ அவளைப் பயமுறுத்தவில்லை. அப்பா உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ராமர் என்பவரை அவள் வீட்டை மீறிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக, அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

முப்பது நாளில் இருபத்தாறு நாளைத் தள்ளிப்போட்டாள். சுரேந்தர் தினமும் செக்கிங் பக்கம் வந்து ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார். இருபத்தேழாம் நாள், புதன்கிழமை விடிகாலையில், அவளே பிரியங்காவுக்குப் போன் செய்தாள். இருவரும் லீவு சொல்லிவிட்டுச் சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

பொங்கியண்ணனுக்கு எழுபத்தாறு வயது. பக்கத்துக் கொட்டகையில் மகனின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் எல்லாரும் உரக்கத்தான் பேச வேண்டும். சுவரில், டைரக்டரின் தோளில் உட்கார்ந்திருக்கும் மொட்டைத்தலைப் பிள்ளையின் படம் மாலையோடு தொங்கியது. உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை.

"வாங்க," என்றார் பிரியங்காவைப் பார்த்து. மகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ரங்காத்தாள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே தொங்கிய காலண்டரைப் பார்க்கத் தொடங்கினாள்.

பிரியங்கா பையிலிருந்து நோட்டரிக் காகிதத்தை எடுத்தாள். மற்றவர்கள் சொன்னதைச் சொல்லியே பழகியவள். இங்கே சொல்லித்தர ஆளில்லை. காகிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். தறிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ஆறுன்னு நான் எழுதித் தரோணுமா?" பொங்கியண்ணன் சிரித்தார். "ஊரே சொல்லுதுங்க, மூணு வயசுல பக்கம் பக்கமாப் பேசுன புள்ளைன்னு. ஆறு வயசுல எந்தப் புள்ளதான் பேசாது? ஆறுன்னு சொல்லியிருந்தா, விருந்துக்கு வந்த ஒறம்பரப் புள்ளையாட்டம் ஓரமா நின்னிருப்பா. மூணுன்னு சொன்னதாலதானுங்க தோள்ல ஏத்துனாரு."

"அதுக்கு அவங்க பள்ளிக்கூடத்துல ஏழு வருசம் குனிஞ்சு உக்காந்திருந்தாங்களாமுங்க."

"அதையெல்லாம் உங்ககிட்டச் சொன்னாளா?"

"கை ஒடஞ்சதையும் சொன்னாங்க."

கிழவரின் சிரிப்பு நின்றது. "கட்டுப் போட்டமே. அன்னைக்கே போட்டம்."

"அழுதப்ப நீங்க கை தட்டுனீங்களாம்."

சொன்ன பிறகுதான் தன் குரல் தறிச் சத்தத்தையும் தாண்டி ஒலித்தது பிரியங்காவுக்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நடிக்கறான்னு நெனச்சேனுங்க," என்றார் பொங்கியண்ணன். பிறகு நாற்காலியைத் திருப்பி மகளைப் பார்த்தார். "ஏஞ் சாமி, நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நீ கேட்டா நான் மாட்டேம்பனா?"

ரங்காத்தாள் காலண்டரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. உதட்டைக் கடித்திருந்தாள். கண் வறண்டு கிடந்தது. கிழவர் குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏதோ வரும் வரும் என்று காத்திருப்பவர் போல. ஒன்றும் வரவில்லை.

அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பினார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"பல்லடத்து நோட்டரிகிட்ட எத்தன மணிக்கு வரோணுமுங்க?" என்று பிரியங்காவைக் கேட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். நோட்டரி முன்னால், 'என் மகள் ரங்காத்தாள் 1980 தை மாதம் பிறந்தவள். வயதைக் குறைத்துச் சொன்னவன் நான்' என்ற வரிக்குக் கீழே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். இருபத்தொன்பதாம் நாள் அது பெங்களூருக்குப் போயிற்று. பலகை வாசலில் அப்படியே இருக்கிறது, '1996 முதல்'.

அந்த வீட்டில் ரங்காத்தாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் கல் நெஞ்சுக்காரி என்று சொல்லியிருப்பார்கள். பிரியங்கா அப்படி நினைக்கவில்லை. புதன்கிழமை போகும்போது, பஸ் சாமளாபுரம் நிறுத்தத்தை நெருங்கி, எல்லாரும் எழுந்து நின்ற நேரத்தில், ரங்காத்தாள் எழாமல் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து ஒன்று கேட்டிருந்தாள்.

"அங்க வந்து நான் வாயத் தொறக்க மாட்டேன் கண்ணு. தொறந்தா அழுகாச்சி வந்துரும். நான் அழுதா எங்கய்யன் நம்ப மாட்டாரு, நல்லா நடிக்கறேம்பாரு. எனக்கும் சேத்து நீயே கேட்டுரு."